வரிசை எண் நானூற்றுப் பதினொன்று

ஓர் எழுத்துதான் அதன் பெயர். ஆர்.
காரைக்குடி பழைய பேருந்து நிலையத்துக்குப் பின்னால்,
ஜெராக்ஸ் கடை மாடியில்,
மின்விசிறி மட்டும் உடன் வேலைபார்க்கும் அலுவலகத்தில்
பதினோரு நாளாக அதனோடு பேசிப் பார்க்கிறேன்.
பன்னிரண்டு ஊரணி. ஜூன் முதல் மே வரை
செவ்வாய்க்குச் செவ்வாய் அளந்த ஆழம், சென்டிமீட்டரில்.
சராசரி கேட்டிருக்கிறார்கள் சிவகங்கையிலிருந்து,
வெள்ளிக்கிழமைக்குள்.

முதல் நாள் சொன்னது:
அப்படி ஒரு பொருளே இல்லை.
இருக்கிறதே, கண்ணெதிரே!
ஆழம் என்று ஆங்கில எழுத்தில்
நான்தானே பெயர் வைத்தேன்.
வைத்தபோது தலையெழுத்து பெரிது,
கூப்பிட்டபோது சிறிது.
பெரிய ழ சின்ன ழ என்று கிடையாது நமக்கு.
தொப்பி போட்டால் எழுத்து
வேறு ஆளாகிவிடும் என்று யார் கண்டது?

மூன்றாம் நாள் ஓர் அடைப்புக்குறியை மூட மறந்தேன்.
பிழை என்றுகூடச் சொல்லவில்லை.
அடுத்த வரியில் ஒரு கூட்டல் குறி.
எதைக் கூட்டச் சொல்கிறது என்று எண்டரைத் தட்ட
இன்னொரு கூட்டல்.
இன்னொன்று.
திரை முழுக்கச் சிலுவைகள், கல்லறைத் திருநாள் போல.
மதுரையில் இருக்கும் ஜெனிட்டாவுக்குப் படம் எடுத்து அனுப்பினேன்.
'நீ இன்னும் பேசி முடிக்கலைன்னு காத்துக்கிட்டிருக்கு.
எஸ்கேப்பை அமுக்கு' என்றாள்.
அவ்வளவு பொறுமையாக என்னை யாரும் கேட்டதில்லை.
அமுக்க மனசே வரவில்லை.

ஆறாம் நாள்
எண்ணெல்லாம் எழுத்தாகிக் கிடந்தது,
அறுநூற்று இருபத்து நான்கு வரியும்.
நாற்பதையும் ஐம்பதையும் கூட்டமாட்டேன் என்றது.
அவை நாற்பதுமல்ல ஐம்பதுமல்ல, வெறும் வார்த்தையாம்.
வரி வரியாக இறங்கினேன்.
நானூற்றுப் பதினொன்றில் கால் தட்டியது.
அளக்கப் போகும் சேவுகமூர்த்தி
கோலை மறந்துவிட்டுப் போன ஒரு செவ்வாயன்று
எண்ணுக்கான கட்டத்தில் எழுதியிருக்கிறார்:
முழங்கால்.

அவருடைய முழங்கால் எத்தனை சென்டிமீட்டர்?
போனில் கேட்டேன். சிரிக்கவில்லை.
'வீட்டுக்குப் போய்ச் சொல்றேம்மா.'
சாயங்காலம் சொன்னார், நாற்பத்தெட்டு.

இன்று வெள்ளி. எல்லாம் எண்.
எட்டாவது ஊரணிக்குச் சராசரி கேட்டேன்.
என்ஏ, என்றது.
தெரியாது என்பதற்கு அதன் சொல் அது.
ஒன்று தெரியாவிட்டால் மொத்தமும் தெரியாதாம்.
இதற்கும் ஜெனிட்டா ஒரு துண்டு வரி தந்திருந்தாள்:
காலியை ஒதுக்கிவிட்டு மீதிக்குச் சொல்.
போட்டேன். நூற்றுப் பதினேழு.
அனுப்பியிருக்கலாம்.
மணி இரண்டரைதான், சாப்பாட்டு டப்பா திறக்கவே இல்லை.

ஆனால் அந்த முழங்காலுக்குக் கீழேயே
தொடர்ந்து நான்கு கட்டம் காலி.
மேலே, கார்த்திகையில், தனியாக ஒன்று.

'மே மாசம் ஏண்ணே எழுதலை?'
'தண்ணியே இல்லையேம்மா. இல்லாததுக்கு என்னத்தை எழுத?
தரை பாளம் பாளமா வெடிச்சுக் கெடந்துச்சு,
பயலுக உள்ளே ஸ்டம்பு நட்டு ஆடுறாங்ய.'
'அப்ப கார்த்திகையில ஒண்ணு?'
கொஞ்ச நேரம் பேருந்து ஹாரன் மட்டும் கேட்டது.
'அன்னிக்கு நான் போகலை.'
ஏன் என்பதற்குப் படிவத்தில் கட்டம் கிடையாது.
நானும் கேட்கவில்லை.

நான்கில் பூச்சியம் போட்டேன்.
ஒன்றை அப்படியே விட்டேன்.
நூற்றுப் பதினேழு, நூற்று ஏழு புள்ளி எட்டாயிற்று.
வெளியே ஊரணிகளில் ஒரு சொட்டும் குறையவில்லை,
என் திரையில் ஒன்பது சென்டிமீட்டருக்கு மேல் வற்றிவிட்டது.

அனுப்பும் பொத்தானில் விரல் இருக்க
திரும்ப அவரே கூப்பிட்டார்.
'எம்மா, அந்த முழங்கால் விசயம்.
அளந்தப்ப கால்ல செருப்பு கெடந்துச்சு.
ரெண்டு கழிச்சுக்க.'

கழித்தேன்.
மறுபடி ஓட்டினேன்.
நூற்று ஏழு புள்ளி எட்டு, அசையவே இல்லை.
நானூற்றுப் பதினொன்றில் மட்டும்
நாற்பத்தாறு என்று இருக்கிறது.